இரண்டாவது பொருள் வரும்வரை நில்லுங்கள்

கேள்வி: விடுமுறை நாட்களில் பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் என்று பஸ்ஸில் சுற்றி, செல்போனில் தெருப்படங்கள் எடுக்கிறேன். ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு விஷயங்கள் ஒரே படத்தில் சேர்ந்து நிற்கிற காட்சிகள்தான் எனக்கு ஆசை. ஆனால் கிடைப்பதெல்லாம் கூட்டமும் கடைகளும்தான். ஒரே ஒரு படம் தேறியது. கேரள எல்லை தாண்டியதும் ஒரு லாட்டரித் தட்டு. அதன் பின்னால் விற்கிற பெரியவர் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். தலைக்கு மேலே நகைக்கடை விளம்பரத்தில் கழுத்து நிறையப் பொன் பூட்டிய மணப்பெண். தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் படம் எடுக்கும்போதே பெரியவர் விழித்து, "எதுக்கு மோளே போட்டோ?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அந்தப் படத்தை வைத்துக்கொள்ளலாமா? இது மாதிரி இன்னும் படங்கள் கிடைக்க என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: முதலில் பெரியவர் விஷயம். அந்தப் படத்தைக் குழுவிலிருந்து நீக்கிவிடுங்கள். உங்கள் கண் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் படத்தில் பெரியவர் செய்த ஒரே காரியம் அசந்துபோனது. காலையிலிருந்து வெயிலில் உட்கார்ந்த உடம்பு. யாரோ மாட்டிய பலகைக்குக் கீழே அவரை வைத்துப் பார்த்து ஊர் சிரிக்கிறது, அவருக்கு அது தெரியவும் தெரியாது. தூங்குகிறவர், குடித்துவிட்டுக் கிடப்பவர், பிச்சை கேட்பவர் ஆகியோரை விளம்பரப் பலகையோடு சேர்த்து எடுக்கிற படங்களை நான் ஒருபோதும் பாராட்டியதில்லை.

அந்தத் தட்டு ஏன் அங்கே இருக்கிறது என்று யோசித்தீர்களா? கேரள அரசு 1967 முதல் தானே லாட்டரி நடத்துகிறது. தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரிக்குத் தடை வந்துவிட்டது. அதனால்தான் எல்லையைத் தாண்டி நாலு எட்டு வைத்ததும் தட்டுகள் தொடங்கிவிடுகின்றன. நம் பக்கத்து ஆட்களும் போய் வாங்குகிறார்கள். இது தெரிந்தபின் அதே இடத்துக்கு மறுபடி போங்கள். பெரியவரிடம், "அன்னைக்கு ஒண்ணும் சொல்லாம போயிட்டேன், தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லுங்கள். எல்லையில் கடை போட்டவருக்கு நம் தமிழ் புரியும். கொஞ்சம் பேசிவிட்டு, படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். சம்மதித்தால் குலுக்கல் முடிவு வருகிற நேரம்வரை அங்கேயே நில்லுங்கள். சீட்டு வாங்கிய யாராவது வருவார். ஒரு கையில் சீட்டு, இன்னொரு கையில் முடிவு போட்ட தாள் அல்லது செல்போன். உதடு எண்களை முணுமுணுக்கும், விரல் ஒவ்வொரு எண்ணாக நகரும். தலைக்கு மேலே அதே மணப்பெண், அதே பொன். இப்போது பார்க்கிறவருக்குக் கேலி தோன்றாது. தன் சட்டைப்பையிலும் ஒரு சீட்டு கிடப்பதுபோல் இருக்கும். அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் நல்லது.

சரி, இரண்டாவது கேள்வி. விசித்திரமான பொருளைத் தேடி ஊர் ஊராக அலைவதை முதலில் நிறுத்துங்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் எலியட் எர்விட் 1974-ல் நியூயார்க்கில் எடுத்த ஒரு படத்தில், பெரிய நாய் ஒன்றின் இரண்டு கால்கள், பக்கத்தில் பூட்ஸ் போட்ட ஒரு பெண்ணின் கால்கள், அவற்றோடு தொப்பி போட்ட ஒரு பொடி நாய். நடந்தது என்னவோ நாய்களோடு ஒரு பெண் தெருவில் நின்றதுதான். அவர் கேமராவைப் பொடி நாயின் உயரத்துக்கு இறக்கினார், மேலே உள்ளதையெல்லாம் வெட்டினார். முரண்பாடு அங்கேதான் பிறந்தது.

உங்கள் ஊரில் ரப்பர் ஷீட் காயாத முற்றம் உண்டா? புதிதாக அடித்த ஷீட் பால் வெள்ளையில் இருக்கும், புகையில் வாட்டியபின் தேன் நிறத்துக்கு மாறும். கயிற்றில் அது தொங்கும். அதே கயிற்றிலோ அடுத்த கயிற்றிலோ பிள்ளைகளின் பள்ளிச் சீருடை தொங்கும். வெளியூர்க்காரர் இதைப் பார்த்தால் வண்டியை நிறுத்திவிடுவார். நீங்கள் தினமும் பார்ப்பதால் தாண்டிப் போகிறீர்கள். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, இரண்டும் ஒரே அளவில், ஒரே வரிசையில் தெரிகிற இடம்வரை பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். இரண்டடி நகர்ந்தால் சட்டையும் ஷீட்டும் ஒரே துணிக்கடைச் சரக்காகிவிடும். ஜூம் வேண்டாம். ஜூம் போட்டால் ஒரு பொருள்தான் மிஞ்சும், உங்களுக்கு வேண்டியது இரண்டு. செல்போனின் சாதாரண லென்ஸே போதும், நடந்து கிட்டே போங்கள்.

பஸ் ஸ்டாண்டிலும் இதே வழிதான். எல்லை ஊரான களியக்காவிளையில் நல்ல சுவர் ஒன்றையோ பலகையையோ முதலில் தேர்ந்தெடுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு டீயை வாங்கிக்கொண்டு நில்லுங்கள். பாதிப் படம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. மீதிப் பாதி நடந்து வரும். சில நாள் வராது. வராத நாளில் எடுக்காமல் திரும்புங்கள். சோதனைச்சாவடி, போலீஸ் ஸ்டேஷன், அணைப் பக்கம் மட்டும் கேட்காமல் செல்போனைத் தூக்காதீர்கள்.

எடுத்த படத்தை ஒருவரிடம் காட்டிவிட்டு வாயைத் திறக்காமல் இருங்கள். நீங்கள் விளக்கினால்தான் புரியும் என்றால் முரண்பாடு உங்கள் தலைக்குள் இருக்கிறது, படத்தில் இல்லை. எல்லை ஊர்களில் இந்தத் தொல்லை அதிகம், ஏனென்றால் இங்கே கதைகள் ஏராளம். திருவிதாங்கூர் மன்னர்களின் பழைய பத்மநாபபுரம் அரண்மனையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1956 நவம்பர் 1-ல் கல்குளம், விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைந்தன; கல்குளத்து மண்ணில் இருக்கிற அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் நின்றது. சொல்லும்போது அருமையாக இருக்கிறது. ஆனால் முகப்பை எடுத்தால் பழைய ஓட்டுக் கட்டடம்தான் தெரியும். கேரளத் துறையின் பெயர்ப்பலகையும் 'டிஎன் 75' எண் போட்ட ஆட்டோவும் ஒரே பிரேமுக்குள் வந்தால்தான் அது படம்.

2024 மக்களவைத் தேர்தலும் அப்படித்தான். காங்கிரசும் கம்யூனிஸ்டுகளும் இங்கே ஒரே அணி, ஏப்ரல் 19-ல் ஓட்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் அவர்களே நேர் எதிரிகள், ஏப்ரல் 26-ல் ஓட்டு. இது ஒற்றைப் படத்துக்குள் அடங்காது. அடுத்த தேர்தலில் இங்கே ஒரு சுவரையும் அங்கே ஒரு சுவரையும் எடுத்து, அடுத்தடுத்து ஜோடியாக வையுங்கள். அதற்கு அதுதான் சரியான வடிவம்.

விளக்கமே தேவைப்படாத காட்சி ஒன்றும் உங்கள் வாசலிலேயே இருக்கிறது. நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் யானை மேலும், வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்குகளிலும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவார்கள். வழியில் களியக்காவிளையில் கேரள போலீஸ் அணிவகுத்து நின்று சாமிகளுக்குத் துப்பாக்கி ஏந்தி மரியாதை செய்கிறது. விறைப்பான காக்கி, பக்கத்திலேயே காதை ஆட்டிக்கொண்டு யானை. இதில் யாரும் சிறுமைப்படுவதில்லை. போலீஸ்காரர்கள் மனதாரச் செய்கிறார்கள், பக்தர்கள் மனதாரக் கும்பிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த வகை முரண்பாடு இதுதான். கேமரா வைத்திருப்பவர்கள் எல்லோரும் யானைக்கு நேர் முன்னால் முண்டியடிப்பார்கள். நீங்கள் முன்கூட்டியே போய், அங்கிருக்கும் போலீஸ்காரரிடம் கேட்டுக்கொண்டு, அணிவகுப்பு வரிசையின் ஒரு முனையில் பக்கவாட்டாக நில்லுங்கள். வரிசையாக முகங்களும் அவற்றின் முடிவில் யானையும் ஒரே பார்வையில் கிடைக்கும். பாகன் கையைக் காட்டி விலகச் சொன்னால் படத்தை விட்டுவிட்டு உடனே விலகுங்கள்.