வாசகர் கேள்வி: செர்ன் ஆய்வகத்தால் மக்களுக்கு என்ன பயன்?

கேள்வி: சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் எல்லையில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தைப் பூமிக்கடியில் அமைத்துப் புரோட்டான்களை மோதவிடுகிறது செர்ன் ஆய்வகம். இதனால் சாதாரண மக்களுக்கு என்ன நன்மை? அந்தப் பணத்தை மருத்துவ ஆராய்ச்சிக்கே கொடுத்துவிடலாம் அல்லவா?

பதில்: நியாயமான கேள்வி. மக்களின் வரிப்பணத்தில் இயங்கும் ஆய்வகம் இதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டது. பொருளின் அடிப்படைத் துகள்களையும் அவற்றுக்கிடையே செயல்படும் விசைகளையும் அறிவதே செர்னின் நோக்கம். 2012 ஜூலை 4 அன்று அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் போசான் என்னும் அடிப்படைத் துகளின் கண்டுபிடிப்பு, வேறெந்தப் பயனும் விளையாவிட்டாலும் மதிப்புடையது என்பதே என் உறுதியான கருத்து. ஆயினும் நீங்கள் மருத்துவத்தைக் குறிப்பிட்டிருப்பதால், அங்கிருந்தே விடை சொல்கிறேன்.

1960களில் துகள்களின் தடங்களைப் புகைப்படம் எடுத்து, படம் படமாக மனிதர்கள் கண்ணால் பார்த்துத்தான் பெரும்பாலும் ஆராய்ந்து வந்தார்கள். 1968இல் செர்னில் பணியாற்றிய ஜார்ஜ் சார்பாக், வாயு நிரம்பிய அறைக்குள் மெல்லிய கம்பிகளை நெருக்கமாக நிறுத்தி, துகள் கடக்கும் இடத்தை அக்கம்பிகளே மின்குறிப்பாகத் தெரிவிக்கும் கருவியை உருவாக்கினார். அக்குறிப்புகளை நேரே கணினியில் பதிய முடிந்ததால் ஆய்வின் வேகம் பன்மடங்கு பெருகியது. 1992இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. கண்ணுக்குப் புலப்படாத கதிர் எங்கே விழுந்தது என்று துல்லியமாகச் சொல்லும் கருவி மருத்துவருக்கும் வேண்டியதுதானே! இவ்வகைக் கம்பி அறைகளைக் கொண்டே டேவிட் டவுன்சென்ட், ஆலன் ஜீவன்ஸ் ஆகிய இருவரும் 1977இல் செர்னில் ஒரு சுண்டெலியின் உடலைப் பாசிட்ரான் முறையில், அதாவது உடலுக்குள் செலுத்திய கதிரியக்கப் பொருளால் எழும் கதிர்களைக் கொண்டு, படம்பிடித்தார்கள். இம்முறையில் இயங்கும் பெட் ஸ்கேன் செர்னில்தான் பிறந்தது என்று சிலர் எழுதுவது சரியன்று. அது வளர்ந்த பாதையில் செர்னுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதே உண்மை.

துகள்களை மிகுந்த வேகத்துக்குக் கொண்டுசெல்லும் முடுக்கிகளின் கதையும் இத்தகையதே. புரோட்டான் தன் ஆற்றலின் பெரும்பகுதியைப் பயணத்தின் இறுதியில் கொட்டுவதால், வழியிலுள்ள நலமான திசுக்களுக்குக் குறைந்த சேதத்துடன் ஆழத்திலுள்ள புற்றுநோய்க் கட்டியைத் தாக்க முடிகிறது. இச்சிகிச்சைக்கான முடுக்கியை வடிவமைக்க 1990களின் பிற்பகுதியில் செர்னில் நடந்த ஆய்வு, இத்தாலியின் பாவியாவிலும் ஆஸ்திரியாவின் வீனர் நொய்ஷ்டாட்டிலும் உள்ள சிகிச்சை மையங்களுக்கு அடிப்படையாயிற்று.

மருத்துவ ஆய்வுக்கு நிதி தாராளமாகவே வேண்டும். ஆனால் சார்பாக்கின் கருவியை எந்த மருத்துவமனையும் கேட்டுப் பெறவில்லை. இயற்கையைப் பற்றிய கடினமான கேள்வி ஒன்று, அன்றிருந்த கருவிகள் போதாத நிலையில், புதிய கருவியைப் படைக்கும் கட்டாயத்தை உண்டாக்கியது.

கேள்வி: அங்கே கண்டுபிடிக்கப்படுபவை யாருக்குச் சொந்தம்? போர்க்கருவி செய்யப் பயன்படாதா?

பதில்: 1954இல் நடைமுறைக்கு வந்த செர்ன் உடன்படிக்கை, இராணுவத் தேவைக்கான பணிகளில் அந்நிறுவனம் ஈடுபடாது என்றும், ஆய்வு முடிவுகளை வெளியிட வேண்டும் என்றும் விதிக்கிறது. பல நாட்டு அறிஞர்கள், ஒன்றோடொன்று பொருந்தாத கணினிகளிலிருந்து தகவலைப் பகிர்ந்துகொள்வதற்காக 1989இல் டிம் பெர்னர்ஸ் லீ அங்கே முன்மொழிந்ததுதான் வைய விரிவு வலை (வேர்ல்டு வைட் வெப்). அதன் மென்பொருளை 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் கட்டணமின்றிப் பொதுவுடைமையாக்கியது. என் கணிப்பில், அந்த ஆய்வகம் உலகுக்குச் செய்த மிகப் பெரிய கொடை அம்முடிவே. 2014 முதல் மோதல் ஆய்வுத் தரவுகளில் ஒரு பகுதியும் இணையத்தில் திறந்துவைக்கப்பட்டுள்ளது. விரும்பும் மாணவர் எவரும் அவற்றை இறக்கிக்கொண்டு தாமே ஆராயலாம்.