சரணடைந்த பிறகும் பயம் ஏன்?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு வணக்கம்.

காவேரிப்பட்டணத்திற்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். வயது 46. கணவர் மாரடைப்பில் காலமாகி, வருஷத் திதியும் கொடுத்துவிட்டோம். நான்கு ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது; பெரும்பாலும் பெங்களூரா மரங்கள். வியாபாரிகளிடம் விலை பேசுவது, மருந்தடிப்பது, வங்கிக் கணக்கு என எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டதால், கடன் எவ்வளவு என்பதுகூட அவர் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் குலதெய்வம் திருப்பதி பெருமாள். துக்கம் தாங்காமல் கிடந்தபோது நாத்தனார் என்னைப் பஜனைக்கு அழைத்துச் சென்றார். “எல்லாப் பாரத்தையும் அவன் காலடியில் போட்டுவிடு, உள்ளே ஒளி தெரியும், பலம் தானாக வரும்” என்று அங்கிருந்த பெரியவர் கூறினார். முதல் சில மாதங்கள் மனம் உண்மையாகவே லேசாக இருந்தது. வங்கியிலிருந்து வரும் கடிதங்களைப் பிரிக்காமல் பெருமாள் படத்திற்குப் பின்னால் செருகிவிடுவேன். அவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்தேன். கிருஷ்ணகிரி காட்டு வீர ஆஞ்சநேயர் கோயிலில் தேங்காயும் கட்டினேன்.

இப்போது கண்ணை மூடினால் இருட்டுதான். பஜனையில் வாய் பாடுகிறது, மனம் ஒட்டவில்லை. பின்னிரவில் விழிப்பு வந்தால் பிறகு தூக்கமில்லை. சோறு மண்ணாக இருக்கிறது. மாம்பூ வந்துவிட்டது, மருந்தடிக்க வேண்டும் என்று ஓசூரில் வேலை செய்யும் மகன் தினமும் போனில் சொல்கிறான். எனக்கு எழுந்திருக்கவே தெம்பில்லை. அவரோடு நானும் போயிருக்கலாம் என்று தோன்றுகிறது. மருத்துவரைப் பார்க்கலாம் என்கிறான் மகன். அது பெருமாளை நம்பாததற்குச் சமம் என்கிறார் நாத்தனார். என் சரணாகதியே பொய்யா? அவர் என்னைத் தண்டிக்கிறாரா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

முதலில் உங்கள் கடிதத்தின் ஒரு வரியைப் பற்றிப் பேச வேண்டும். “அவரோடு நானும் போயிருக்கலாம்” என்ற எண்ணம், துணையை இழந்தவர்கள் பலருக்கும் வருவதுதான். ஆனால் தூக்கமின்மையும் பசியின்மையும் சேர்ந்திருக்கையில் அதனைச் சாதாரணமாக விட்டுவிட நான் தயாராக இல்லை. அந்த எண்ணம் வலுக்கும் இரவில் தனியாக இருக்காதீர்கள்; மகனைப் போனில் எழுப்பிப் பேசுங்கள், அல்லது 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். கட்டணமில்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

பஜனையில் மனம் ஒட்டாததைப் பக்தி குறைந்ததன் அடையாளமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். என் கணிப்பு வேறு. மனச்சோர்வு நோயில் ருசி, ஆசை, பாசம், சிரிப்பு எல்லாமே மங்கிப்போகின்றன. அப்படி மங்கும்போது பக்தி உணர்வுக்கு மட்டும் அது விலக்கு அளிப்பதில்லை. எந்தக் காரணத்தால் சோறு மண்ணாக இருக்கிறதோ அதே காரணத்தால்தான் நாமமும் மனத்தில் ஏறாமல் நிற்கிறது. இந்த நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நாள்தோறும் நீடித்தாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது மனநல மருத்துவத்தின் பொதுவான அளவுகோல். உங்களுக்கு அதைவிட நீண்டுவிட்டது போலத் தெரிகிறது.

தொடக்கத்தில் கிடைத்த நிம்மதியும் பொய்யில்லை. நம் கையில் இல்லாத ஒன்றை இரவும் பகலும் மனத்தில் உருட்டிக்கொண்டிருப்பவர், அதனை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டதாக உணரும்போது உடலின் இறுக்கமே தளர்கிறது. நீட்டிப் பாடும்போது வெளிமூச்சு நீள்வதால் இதயத் துடிப்பும் நிதானப்படுகிறது. கணவரின் மரணம் அப்படி நம் கையில் இல்லாத ஒன்று. அதனை நீங்கள் பெருமாளிடம் விட்டது சரி.

அதே கையோடு வங்கிக் கடிதங்களையும் விட்டதுதான் சிக்கலாயிற்று. கென்னத் பார்கமென்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், துன்பத்தில் மனிதர் கடவுளை நாடும் முறைகளை 1988-இல் வகைப்படுத்தினார். தானே எல்லாம் பார்த்துக்கொள்வது ஒன்று, எல்லாவற்றையும் கடவுளிடம் தள்ளிவிட்டுக் காத்திருப்பது இன்னொன்று, கடவுளைத் துணையாகக் கொண்டு தன் பங்கைச் செய்வது மூன்றாவது. மூன்றாம் வகையினரிடம் தன்னம்பிக்கை கூடுதலாகவும், இரண்டாம் வகையினரிடம் குறைவாகவும் காணப்பட்டது. மனிதர் கைக்கு எட்டாத துயரங்களில் ஒப்படைப்பும் உதவுகிறது என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் சேர்த்துக் கூறுகின்றன. “கடவுள் என்னைத் தண்டிக்கிறார்” என்ற எண்ணம் துன்பத்தைக் கூட்டுகிறது என்பதும் அவற்றில் திரும்பத் திரும்பக் காணப்படுவது. இரவில் அந்த எண்ணம் வரும்போது அது சோர்வின் குரல் என்று அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

இது வெளிநாட்டுச் சரக்கு என்று நாத்தனார் தள்ளக்கூடும். வைணவ ஆசாரியர்கள் சரணாகதிக்குக் கூறிய ஆறு அங்கங்களில் முதலாவதே, இறைவனுக்கு உகந்ததைச் செய்வேன் என்ற உறுதி. உகக்காததை விலக்குவேன் என்பது இரண்டாவது. ஒன்றும் செய்யாதிரு என்று அந்தப் பட்டியல் தொடங்கவில்லை. (சரணடைந்தவர் தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியா, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியா என்ற பழைய வாதத்தை வடகலையாருக்கும் தென்கலையாருக்கும் விட்டுவிடுகிறேன்.) பூவில் தத்துப்பூச்சிக்கு மருந்தடிப்பது உங்கள் பங்கு, காய் நிற்பது, கோடை மழைக் காற்று, மாங்கூழ் ஆலைக்காரர் வைக்கும் விலை ஆகியவை உங்கள் கையில் இல்லாதவை. அங்கே சரணடையுங்கள், முழுமையாக.

வரும் ஞாயிற்றுக்கிழமை மகன் வீட்டில் இருக்கும்போது விளக்கேற்றிய பிறகு அந்தக் கடிதங்களைப் படத்தின் பின்னாலிருந்து எடுத்து, அவனைப் பிரித்துப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் கை நடுங்கினால் அருகில் உட்கார்ந்திருந்தால் போதும். பெரும்பாலும் கடிதத்தைவிடப் பிரிக்காத உறைதான் அதிகம் மிரட்டுகிறது. தேதி வாரியாக அடுக்கி, கணவரின் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு வங்கி மேலாளரை நேரில் சந்தித்து, தவணையை நீட்டிக்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள். சட்ட உதவி தேவைப்பட்டால், நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச உதவி உண்டு.

பஜனையை நிறுத்த வேண்டாம், ஆனால் உள்ளே ஒளி வருகிறதா என்று தேடவும் வேண்டாம். அது பாட்டைத் தேர்வாக மாற்றிவிடுகிறது. மனம் ஒட்டாவிட்டாலும் நாலு பேரோடு உட்கார்ந்து எழுந்து வந்தால் இப்போதைக்கு அதுவே போதும்.

வங்கி வேலைக்கு முன்னதாக, இந்த வாரமே கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனைக்குச் சென்று மனநல மருத்துவரைப் பாருங்கள். மகன் உடன் வரட்டும். நாத்தனாருக்கும் மனமிருந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள், மருத்துவர் கூறுவதை அவரே கேட்கட்டும். தூக்கம், சாப்பாடு, கணவரோடு போயிருக்கலாம் என்ற அந்த எண்ணம் ஆகிய மூன்றையும் மறைக்காமல் மருத்துவரிடம் கூறுங்கள். மாத்திரை கொடுத்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். அவரைக் கேட்காமல் நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.