அம்மா ரூமிலேயே இருந்துப்பாங்களா?

கேள்வி: வரும் மே மாதம் ஐந்து நாள் லக்சம்பர்க் போகிறோம். நான், மனைவி, நான்கு வயது மகன், என் அம்மா. பஸ், ரயிலுக்கு எந்த பாஸ் வாங்கலாம்? என்னென்ன பார்க்கலாம்? அம்மாவுக்கு 68 வயது, மூட்டுவலி. பையனைப் பார்த்துக்கொண்டு ரூமிலேயே இருந்துப்பாங்க. அவங்களுக்கு அது பழக்கம்தான்.
- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பாஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். எதுவும் வாங்க வேண்டாம். 2020 மார்ச்சிலிருந்து அங்கே நாடு முழுக்க பஸ், டிராம், ரயில் எல்லாம் இலவசம், சுற்றுலா வருபவர்களுக்கும் சேர்த்து. ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும் காசு. ஜெர்மனியின் டிரியர், பிரான்சின் மெட்ஸ் என்று எல்லை தாண்டினால், தாண்டிய தூரத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். டிராம் விமான நிலையத்துக்கே வருகிறது. டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அறை எடுங்கள்.

இனி உங்கள் கடைசி வரி. 'பழக்கம்தான்' என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, அந்தப் பழக்கத்தை யார் உண்டாக்கினார்கள்? ரூமில் இருக்கிறீர்களா, கூட வருகிறீர்களா என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அந்த மூட்டுவலியோடுதான் அவர் விசா மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைக்கப் போகிறார். விசாவுக்கு 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, அப்புறம் விமானத்தில் மணிக்கணக்காகக் காலை மடக்கி உட்காருவது. இத்தனையும் ஹோட்டல் சுவரைப் பார்க்கவா? பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றுதான் கூட்டிப் போகிறீர்கள் என்றால், அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பெற்றவளை ஊர் பார்க்கக் கூட்டிப் போவது மகனின் கடமை. அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

மூட்டுவலி என்ற சாக்கும் அந்த ஊரில் எடுபடாது. தலைநகரான லக்சம்பர்க் நகரின் பழைய பகுதி மேட்டில் இருக்கிறது. கிருண்ட், பஃபென்தால் பகுதிகள் அல்செட் ஆற்றுப் பள்ளத்தில். ஏறி இறங்கினால் உங்களுக்கே மூச்சு வாங்கும். ஆனால் இரண்டுக்குமே பொது லிஃப்ட் உண்டு, காசில்லை. பஃபென்தால் லிஃப்ட் கண்ணாடிப் பெட்டி, இறங்கும்போது பள்ளத்தாக்கு அப்படியே கண் முன்னால் விரியும். அம்மாவைக் கண்ணாடி ஓரமாக நிற்க வையுங்கள். பள்ளத்திலிருந்து கிர்ஷ்பெர்க் மேட்டுக்குக் கேபிள் ரயில் ஏற்றிவிடும், மேலே இறங்கினால் டிராம்.

போக் பாறைக்குள் குடைந்த சுரங்கங்களில் படிகள் குறுகல். அங்கே அம்மாவால் முடியாது. நீங்களும் மனைவியும் மாறி மாறிப் போய்வாருங்கள், ஒருவர் வெளியே அம்மாவோடு இருங்கள். நாட்டின் வடக்கே குன்றின் மேலிருக்கும் வியாண்டன் கோட்டைக்கும் அதே ஏற்பாடுதான்.

பழைய தெருக்களில் கல் பாவியிருக்கும். பாஸுக்கு ஒதுக்கிய பணத்தில் அம்மாவுக்கு நல்ல ரப்பர் ஷூ வாங்குங்கள், செருப்போடு கூட்டிப் போகாதீர்கள். காப்பீடு எடுக்கும்போது மூட்டுவலியை மறைக்காதீர்கள். மாத்திரைச் சீட்டு கைப்பையில் இருக்கட்டும். அவசரத்துக்கு 112. விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாள் வரை இழுக்காதீர்கள்.

உங்கள் கோவை மாவட்டத்தைவிடச் சின்ன நாடு அது. ஒரு நாளை ஷெங்கன் கிராமத்துக்கு ஒதுக்குங்கள். 1985 ஜூன் 14 அன்று அங்கே மோசல் ஆற்றில் ஒரு கப்பலில் வைத்துத்தான், நாடுகளுக்கிடையே எல்லைச் சோதனையை நீக்கும் ஷெங்கன் ஒப்பந்தம் கையெழுத்தானது. எதிர்க்கரை ஜெர்மனி, கொஞ்சம் தள்ளி பிரான்ஸ். ஆற்றங்கரையில் அம்மாவை உட்காரவைத்து, பாஸ்போர்ட்டைத் திறந்து, விசாவில் இருக்கும் பெயர் இந்த ஊருடையதுதான் என்று காட்டுங்கள். அன்றைக்குப் பையன் உங்கள் தோளில் இருக்கட்டும்.