ஒல்லியான ஆளுக்கும் கல்லீரலில் கொழுப்பா?

மருத்துவர் பதில்கள் – சேலம்

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். வயது 38, உயரம் 168 செ.மீ., எடை 62 கிலோ. எல்லோரும் என்னை ஒல்லி என்றுதான் சொல்வார்கள். வயிற்றுவலிக்காக எடுத்த ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர்' என்று வந்திருக்கிறது. சர்க்கரையும் எல்லையில் நிற்கிறது. குடிப்பழக்கம் கிடையாது. வயிற்றுச் சுற்றளவு 36 அங்குலம். ஸ்கேன் தவறாக இருக்குமா?

பதில்: ஸ்கேன் மேல் சந்தேகம் வேண்டாம் தம்பி. உங்கள் உயரத்துக்கு 62 கிலோ என்றால் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் கணக்கு) 22. இந்தியர்களுக்கு 23க்குக் கீழே இருந்தால் எடை சரி என்போம். ஆனால் வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள், அதாவது முப்பத்தைந்தரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு அது தாண்டிவிட்டது. எடை மெஷின் காட்டாததை இஞ்சு டேப் காட்டியிருக்கிறது.

வயிற்றில் இரண்டு விதமாகக் கொழுப்பு சேரும். ஒன்று தோலுக்கு அடியில் இருப்பது. அதை விரலால் கிள்ளிப் பிடிக்கலாம். இன்னொன்று உள்ளே, குடலைச் சுற்றிப் படிவது. அது கையில் சிக்காது, வயிறு மட்டும் விறைப்பாக முன்னே தள்ளும். என் கவலை இந்த இரண்டாவதைப் பற்றித்தான். அதிலிருந்து கொழுப்பு அமிலங்களும் அழற்சியைத் தூண்டும் பொருள்களும் குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரலுக்குள்ளேயே கொழுப்பு படிகிறது. அப்புறம் இன்சுலின் சொல்வதை அது சரியாகக் கேட்பதில்லை. சர்க்கரையும், டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் ஏறுகின்றன.

ஒல்லியானவருக்கு ஏன் என்றால், மிஞ்சிய கொழுப்பைத் தோலுக்கு அடியில் சேர்த்து வைக்கும் கொள்ளளவு ஆளுக்கு ஆள் மாறும். நம்மில் பலருக்கு அது சீக்கிரமே நிரம்பிவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் விளக்கம். புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இங்கிலாந்தின் ஜான் யட்கினும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்களையே ஒப்பிட்டுக் காட்டினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடல் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! நம் ஊரில் ஒவ்வொரு குடும்பமும் பார்க்க வேண்டிய கணக்கு அது.

பட்டறை வேலையில் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்தே இருப்பீர்கள். நடுவில் சர்க்கரை போட்ட டீ, மாலையில் தட்டுவடை செட், இரவில் தட்டு நிறையச் சாதம் என்று போகும். மிஞ்சிய சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. எனவே முதலில் டீயில் சர்க்கரையை நிறுத்துங்கள். தட்டுவடையை அடியோடு விட வேண்டாம், எப்போதாவது சாப்பிடுங்கள். இரவில் சாதத்தைக் குறைத்து, அந்த இடத்தில் சுண்டலோ முட்டையோ சேர்த்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள், சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் நடங்கள். வாரத்தில் மூன்று நாளாவது உட்கார்ந்து எழும் பயிற்சி அவசியம், ஏனென்றால் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அதிகம் இழுத்துக்கொள்வது தசைதான். இரண்டு மூன்று கிலோ குறைந்தாலே உங்கள் கல்லீரலுக்குப் பலன் தெரியும். கல்லீரலைக் 'கழுவும்' பொடிகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். மூன்று மாதம் கழித்து எச்.பி.ஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), கல்லீரல் என்சைம், கொழுப்பு அளவு மூன்றையும் பார்த்துவிட்டு உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. வயிறு 29 அங்குலம்தான், ஆனால் பிட்டமும் தொடையும் பெருத்திருக்கின்றன. வரன் பார்ப்பதால், கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை செய்துவிடலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். எனக்கு 52 வயது, மாதவிடாய் நின்ற பிறகு வயிறு போட்டுவிட்டது. அது வயசுக்கு வருவதுதானே. மகளுக்கு என்ன செய்யலாம்? – அம்மாப்பேட்டை வாசகி

பதில்: அம்மா, உங்கள் மகளை அப்படியே விடுங்கள். தொடையிலும் பிட்டத்திலும் இருக்கும் கொழுப்பு பாதுகாப்பானது. ரத்தத்தில் சுற்றும் கொழுப்பை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட உடல்வாகு உள்ளவர்களுக்கு இதய நோயும் சர்க்கரை நோயும் குறைவாகவே காணப்படுகின்றன. தொடையில் வலியோ, லேசாக இடித்தாலே கன்றிப்போவதோ இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். உறிஞ்சி எடுப்பதால் ஆரோக்கியம் கூடாது. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், பருமனான பெண்களின் வயிற்றுத் தோலுக்கு அடியிலிருந்து சுமார் 10 கிலோ கொழுப்பை எடுத்தும் இன்சுலின் வேலை செய்யும் விதம் மாறவில்லை. ஒரு பெண்ணின் தொடையை அளந்து வரன் பேசுகிறவர்களுக்காக அவள் கத்திக்குப் போக வேண்டியதில்லை.

எனக்குக் கவலை உங்களைப் பற்றித்தான். மாதவிடாய் நின்று, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும், தொடைக்குப் போய்க்கொண்டிருந்த கொழுப்பு வயிற்றுக்குள் போக ஆரம்பிக்கிறது. வயசுக்கு வருவதுதான், ஆனால் அதன் விளைவும் கூடவே வரும். பெண்களுக்கு எல்லை 80 செ.மீ., அதாவது முப்பத்தொன்றரை அங்குலம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை இயல்பாக விட்டதும் அளங்கள். தாண்டியிருந்தால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட வேண்டும். மகளுக்காக ஒதுக்கிய நேரத்தில் இதை முதலில் செய்யுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்று ஏற்காட்டில் இருக்கிறேன். குளிரில் 'பழுப்புக் கொழுப்பு' எடையைக் குறைக்கும் என்று வீடியோவில் பார்த்து, விடியற்காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் நடக்கிறேன். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன். பலன் உண்டா?

பதில்: பழுப்புக் கொழுப்பு இருப்பது உண்மை. சேமிக்காமல் எரித்துச் சூடு தரும். பிறந்த குழந்தைக்கு இது அதிகம். பெரியவர்களுக்கும் கழுத்து, காறையெலும்புப் பக்கம் இருக்கிறது, குளிரில் வேலை செய்கிறது என்று 2009இல் ஸ்கேன் ஆய்வுகள் உறுதி செய்தன. ஆனால் அளவு மிகக் கொஞ்சம், வயதாக ஆக இன்னும் குறையும். உங்கள் எடையை அது குறைக்காது. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி பி.பி. ஏறும் ஐயா, அதனால் ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏரியைச் சுற்றி நடப்பதை மட்டும் விடாதீர்கள், வெயில் ஏறிய பிறகு நடந்தாலும் போதும்.