கேளுங்கள், சொல்கிறேன்: அப்பா பெயரில் கூப்பிட்டால் எழுந்து போங்கள்

கேள்வி: மகளுக்குச் சிங்கப்பூரில் தலைப்பிரசவம், இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. மருமகன் அங்கே பி.ஆர். (நிரந்தரவாசி). ஒரு மாதம் முன்பே போய், மூன்று மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறேன். என் பாஸ்போர்ட் ஒன்பது மாதத்துக்குச் செல்லும். அதில் என் பெயரோடு அப்பா பெயர் இருக்கிறது. ஆதாரில் கணவர் இனிஷியல். சிக்கல் வருமா?
– திருமங்கலம் வாசகி

பாட்டியாகப் போகிறீர்கள், வாழ்த்துகள். ஆனால் தேதி இடிக்கிறது. நான்கு மாதம் கழித்து நீங்கள் கிளம்பும்போது பாஸ்போர்ட்டில் மிச்சம் ஐந்து மாதம்தான் இருக்கும். சிங்கப்பூரில் போய் இறங்குகிற அன்று ஆறு மாதமாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவ்வளவு தூரம் போகவே வேண்டாம், இங்கே விமான கவுன்ட்டரிலேயே பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

காலாவதிக்கு ஒரு வருஷம் இருக்கும்போதே ரீ-இஷ்யூ, அதாவது பழையதற்குப் பதில் புதுப் புத்தகம், கேட்கலாம் என்பதால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கால் என்றால் மேலே 2,000. உங்களுக்கு அது தேவையில்லை, அந்தக் காசுக்குப் பேரப்பிள்ளைக்குச் சட்டை எடுங்கள். மதுரையில் ரேஸ்கோர்ஸ் பக்கம் பாரதி உலா சாலையில் பாஸ்போர்ட் அலுவலகம். 2007-இல் அது வருவதற்கு முன்பு, இதற்காகத் திருச்சிக்குப் போக வேண்டியிருந்தது. விடிகாலை வரிசைக்காக ராத்திரியே பஸ் ஏறுவார்கள். பெரியார் பஸ் நிலையம் பக்கம் டிக்கெட் போடும் ஆபீஸில் முப்பது வருஷம் உட்கார்ந்தவன் நான், அந்தத் தூக்கம் கெட்ட முகங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

பெயர் விஷயம். கல்யாணம் ஆகிவிட்டதால் பாஸ்போர்ட்டில் கணவர் பெயருக்கு மாற வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. கணவர் பெயர் கடைசிப் பக்கத்தில் தனியாக வரும். பழைய புத்தகத்தில் உள்ளபடியே கேளுங்கள். ஆதாரில் இருக்கும் இனிஷியலை முதலில் சரிசெய்துகொண்டு போனால் கவுன்ட்டரில் பேச்சு குறையும். டிக்கெட்டிலும் விசாவிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அந்த ஓர் எழுத்து போதாது, விரித்து எழுத வேண்டும். அதனால் அப்பா பெயர் குடும்பப் பெயர் ஆகிவிடுகிறது. நான் முதல்முறை வெளிநாடு போனபோது ஒருத்தர் ‘மிஸ்டர் கருப்பையா, மிஸ்டர் கருப்பையா’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நானும் யாரோ ஒரு கருப்பையா என்று பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது தடவைதான் உறைத்தது, அவர் கூப்பிடுவது செத்துப் பல வருஷமான எங்கள் அப்பாவை! உங்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எழுந்து போங்கள்.

விசாவுக்குப் புதுப் பாஸ்போர்ட் எண் வேண்டும், அதனால் பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் அது. மருமகன் நிரந்தரவாசி என்பதால் சிங்பாஸ் என்கிற அந்த ஊர் அரசுக் கணக்கு மூலம், குடிநுழைவுத் துறையான ஐ.சி.ஏ.வின் இணையதளத்தில் அவரே விண்ணப்பிக்கலாம். 30 சிங்கப்பூர் டாலர். விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பி வராது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்: விசா எத்தனை மாதத்துக்குச் செல்லும் என்பது வேறு, உள்ளே எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறு. தங்கும் நாளை முடிவு செய்வது அங்கே இறங்கியதும் இமிகிரேஷன் அதிகாரிதான். வழக்கமாக 30 நாள். உங்கள் கணக்கோ மூன்று மாதம். நாள் முடிவதற்குள் நீட்டிப்புக் கேட்கலாம், ஆனால் கிடைத்தே தீரும் என்று நம்பித் திரும்பும் டிக்கெட்டை மாற்ற முடியாதபடி போட்டுவிடாதீர்கள். இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் எஸ்.ஜி. அரைவல் கார்டு என்கிற வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கிற இணையதளம் என்றால் தப்பான இடத்தில் இருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரசவம் பார்க்கப் போகிற அம்மாவின் பெட்டி எனக்குத் தெரியும். கசகசாவை வீட்டிலேயே வையுங்கள், அங்கே அது போதைப்பொருள் சமாசாரம். உப்புக்கண்டமும் வேண்டாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

கேள்வி: அண்ணன் துபாய்க்கு விசிட்டில் கூப்பிடுகிறார். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. விட மாட்டார்கள் என்கிறார்களே?
– வாடிப்பட்டி வாசகர்

கிளப்பிவிட்ட கதை இல்லை, உண்மைதான். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்போம் என்று பிறகு விளக்கமும் வந்தது. உங்கள் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். நானாக இருந்தால் அப்பா பெயரைக் கட்டத்திலேயே ஏற்றி, புதுப் புத்தகம் வாங்கிக்கொண்டுதான் கிளம்புவேன். கசகசா விஷயம் உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். மலேசியாவில் சூப்பர் மார்க்கெட் வேலை, விசிட்டில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம், ஒன்றரை லட்சம் என்கிறார் ஒரு ஏஜென்ட். போகலாமா?
– மேலூர் வாசகர்

போகாதீர்கள் தம்பி. சுற்றிப்பார்க்கப் போகிற இந்தியர்களுக்கு 2023 டிசம்பரில் இருந்தே 30 நாளுக்கு மலேசியா விசா கேட்பதில்லை. சும்மா கிடைக்கிறதை அவர் உங்களுக்கு ஒன்றரை லட்சத்துக்கு விற்கிறார். அதில் போய் வேலை பார்ப்பது அங்கே குற்றம். மாட்டினால் உள்ளே போவது நீங்கள், அவர் இல்லை.

பத்தாவது தேறாததால் உங்கள் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர்., அதாவது வேலைக்கு வெளிநாடு போக அரசு அனுமதி தேவைப்படும் வகையில் வரும். மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடியேற்றப் பாதுகாவலர் என்கிற மத்திய அரசு அதிகாரியின் அனுமதி வேண்டும். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. அந்த அனுமதியைத் தாண்டிக் குதிக்கத்தான் இந்த விசிட் வித்தை. பதிவுபெற்ற ஏஜென்ட்களின் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் உள்ளது. அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். அவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள், ரசீதும் கேளுங்கள். ‘நமக்குள்ள ரசீது எதுக்குப்பா’ என்று சிரித்தால், மேஜையில் இருக்கிற உங்கள் பாஸ்போர்ட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கி வந்துவிடுங்கள்.