அப்பாவுக்குக் காது கேட்கிறது, பேச்சு மட்டும் புரியவில்லை

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. குமாரபாளையத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விசைத்தறி ஓட்டியவர். சில காலமாக டிவியைத் தெருவுக்கே கேட்கும்படி வைக்கிறார். கூப்பிட்டால் திரும்புகிறார்; ஆனால் கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில்தான் வருகிறது. சத்தமாகப் பேசினால், "ஏன் கத்துறே, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்று கோபப்படுகிறார். ஆன்லைனில் 1,500 ரூபாய்க்குக் காது மெஷின் விற்கிறார்கள். வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: இப்போது வாங்க வேண்டாம். முதலில் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஒருவர் காதைப் பார்க்க வேண்டும். அதன்பின் ஆடியாலஜிஸ்ட் செவித்திறனை அளக்க வேண்டும். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் அது புரிந்தால் அப்பாவிடம் பேசுவதும் உங்களுக்கு எளிதாகும்.

"நல்லாத்தான் கேக்குது" என்று அவர் சொல்வது பிடிவாதம் அல்ல. உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவில் ஏறத்தாழ 15,000 நுண்மயிர் செல்கள் உள்ளன. கீச்சொலிகளை, அதாவது உயர் அதிர்வெண் ஒலிகளை உணரும் செல்கள்தாம் முதுமையிலும் தொடர் இரைச்சலிலும் முதலில் அழிகின்றன. மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. பேச்சின் உரத்த பகுதியான உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் அவை அவருக்கு நன்றாகவே கேட்கின்றன. சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் க, ச, த, ப போன்ற மெல்லிய ஓசைகள்தாம் நழுவிவிடுகின்றன. "தட்டு எங்கே" என்று நீங்கள் கேட்டால், தட்டா, கட்டா, பட்டா என்பதை அவர் ஊகித்தாக வேண்டும். அமைதியான அறையில் ஊகம் பலிக்கும். மிக்சி ஓடும்போதோ நாலு பேர் சேர்ந்து பேசும்போதோ பலிக்காது. பேரப்பிள்ளைகளின் மெல்லிய குரல் இன்னும் சிரமம்.

கத்தினால் அவர் கோபப்படுவதற்கும் உடற்காரணம் உண்டு. பாதிக்கப்பட்ட உட்காதுக்குச் சிறிய ஒலி எட்டாது. ஆனால் பெரிய ஒலி மற்றவர்களுக்கு உறைப்பது போலவே உறைக்கும். இரண்டுக்கும் நடுவே அவருக்கு வசதியாக இருக்கும் இடைவெளி குறுகிவிடுகிறது. விலை மலிவான ஒலிபெருக்கி மெஷின்கள் பெரும்பாலும் எல்லா ஒலியையும் ஒன்றுபோல உயர்த்துவதால், அவருக்கு ஏற்கெனவே கேட்கும் சத்தங்களே காதை அறையும். தவறிப்போகும் ஓசைகள் தெளிவதில்லை. ஒருமுறை அப்படி அவதிப்பட்டவரை, பிறகு நல்ல கருவிக்குச் சம்மதிக்க வைப்பது மிகக் கடினம். பணத்தைவிட அந்த நம்பிக்கை இழப்புதான் எனக்குப் பெரிய கவலை.

பரிசோதனையில் வலி இல்லை. ஒலி புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து, எந்த டெசிபலில், அதாவது எவ்வளவு உரத்த ஒலியில் கேட்கத் தொடங்குகிறது என்று ஒரு வரைபடத்தில் குறிப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் 20 டெசிபலுக்குள் கேட்டால் இயல்பு. தறிச் சத்தத்தில் உழைத்தவர்களின் வரைபடத்தில் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் தெரியும். பிறகு காதுக்குப் பின்னுள்ள எலும்பில் அதிர்வி வைத்து மீண்டும் அளப்பார்கள். எலும்பு வழியே தெளிவாகக் கேட்டு, காற்று வழியே கேட்காவிட்டால், தடை வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது என்று பொருள்: அடைத்த குறும்பி, ஓட்டை விழுந்த செவிப்பறை, தேங்கிய நீர். இவற்றில் பலவற்றை மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ சரிசெய்ய முடியும். அதுவரை காய்ச்சிய எண்ணெயும் பட்ஸும் காதுக்குள் போகக் கூடாது.

கருவி தேவை என்றால், அவருடைய வரைபடத்துக்கு ஏற்ப அமைத்துத் தரச் சொல்லுங்கள். இரு காதும் பாதிக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் இரண்டுக்கும் போடுவதே நல்லது. முதல் சில வாரங்களில் தட்டு உரசும் சத்தம்கூட எரிச்சலூட்டும். அமைதியான நேரத்தில் ஓரிரு மணி நேரம் மாட்டிப் பழகி, மெல்ல நேரத்தைக் கூட்டி, சிரமங்களைக் குறித்துக்கொண்டு மறுபடி போய்ச் சீரமைத்துக்கொள்ள வேண்டும். அப்படிப் போகாததால்தான் பல கருவிகள் பீரோவில் கிடக்கின்றன. பட்டன் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றாட வைத்துவிட்டுப் போடுங்கள். காற்று பட்டால்தான் அது முழுத் திறனுடன் வேலை செய்யும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்குக் கருவி வழங்கும் மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டம் 2017 முதல் உள்ளது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, இரு காதிலும் பேச்சு அதிர்வெண்களில் 60 டெசிபல் அளவுக்கு இழப்பு இருந்தால் செவித்திறன் குறைபாடுடையவர் என்ற வரையறைக்குள் வருவார்.

அவரை அழைக்கும்போது "உங்களுக்குக் காது போச்சு" என்று தொடங்காதீர்கள். சுகர், பிரஷர் பார்ப்பது போல இதையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றால் பெரும்பாலும் வருவார். அதுவரை டிவியை அணைத்துவிட்டு, முகம் தெரியும்படி முன்னால் நின்று, இயல்பான குரலில் நிறுத்திப் பேசுங்கள். புரியாவிட்டால் அதே சொற்களைத் திருப்பிச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் காத்திருக்காது. ஓரிரு நாளில் திடீரென ஒரு காது அடைத்துக் கேட்காமல் போனால், அதைச் சளி என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கினால்தான் கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பு அதிகம். உங்கள் குடும்பத்தில் இன்னும் தறிக்கூடத்துக்குப் போகிறவர்கள் இருந்தால், கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருக்கிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் சத்தம் 85 டெசிபலைத் தாண்டியிருக்க வாய்ப்புண்டு. அவர்கள் இப்போதே காதடைப்பான் போட வேண்டும். அவர்களுக்கும் செவித்திறனை அளந்து பார்த்துவிடுங்கள்.