ஐந்தாவது தந்தி வாங்கும் முன்: தாழ்குரல் பாடகருடன் வாசிக்கும் ஒரு பேஸ் கலைஞருக்குப் பதில்

களியக்காவிளைக்கு அருகிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஆறு ஆண்டுகளாக ஆலயப் பாடகர் குழுவில் நான்கு தந்தி பேஸ் கிட்டார் வாசித்து வருகிறார். ஞாயிறு ஆராதனையில் தமிழ்ப் பாடல்களும் மலையாளப் பாடல்களும் கலந்தே வரும். மாதத்தில் ஓரிரு முறை திருமண வரவேற்புகளுக்காகப் பாறசாலைப் பக்கமும் போய் வருகிறார். அண்மையில் குழுவுக்கு வந்த முதன்மைப் பாடகரின் குரல் தாழ்ந்தது என்பதால், எஃப், ஈ சுருதிகளில் இருந்த பாடல்கள் பலவும் ஈ ஃபிளாட்டுக்கும் டி-க்கும் இறங்கிவிட்டன. சேமிப்பில் 40,000 ரூபாய் இருக்கிறது. வீட்டில் எட்டு அங்குல ஒலிபெருக்கி கொண்ட 20 வாட் பயிற்சி ஆம்ப் (கருவியின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) இருக்கிறது. ஐந்து தந்திக் கருவி உண்மையிலேயே தேவையா, பணத்தை முதலில் கருவியில் போடுவதா ஆம்ப்பில் போடுவதா, இத்தனை ஆண்டுகள் பழகிய கை குழம்பிவிடாதா என்று மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார்.

உங்கள் தேவை உண்மையானது, கருவியை வாங்கலாம். ஆனால் ஐந்தாவது தந்தியின் பயனை ஆழமான ஒலியில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அதன் பெரும் பயன் இடது கைக்குக் கிடைக்கும் வசதியில் இருக்கிறது. ஆழமான ஒலியோ, கருவியைத் தாண்டி, ஆலயத்தின் மிக்சரையும் ஒலிபெருக்கிகளையும் பொறுத்தது.

நான்கு தந்திக் கருவியின் மிகத் தாழ்ந்த சுரமான ஈ, நொடிக்கு 41.2 அதிர்வுகள் கொண்டது. அதற்குக் கீழே ஈ ஃபிளாட் 38.9, டி 36.7, சி 32.7 என்று இறங்கி, ஐந்தாவது தந்தியை விரலால் அழுத்தாமல் மீட்டும்போது வரும் திறந்த பி 30.9 அதிர்வில் நிற்கிறது. அமெரிக்கக் கருவி வடிவமைப்பாளர் லியோ ஃபெண்டரின் பிரசிஷன் பேஸ் கிட்டார் 1951-இல் வெளிவந்த நாள்தொட்டு, ஈ-க்குக் கீழே போக வேண்டிய தேவை பெரும்பாலோருக்கு எழவில்லை. 1965-இல் ஃபெண்டர் வெளியிட்ட ஐந்து தந்திக் கருவியில்கூட, கூடுதல் தந்தி மேல் சி-யாகத்தான் இருந்தது. 1975-இல் பேஸ் கலைஞர் ஆந்தனி ஜாக்சனுக்காகக் கருவி செய்பவரான கார்ல் தாம்சன் செய்த ஆறு தந்திக் கருவியில் தாழ்ந்த பி இடம்பெற்றது. 1980-களில் சின்தசைசர்கள் ஈ-க்கும் கீழே இறங்கிப் பேஸ் வாசிக்கத் தொடங்கியபோது, அவற்றோடு ஈடுகொடுக்க வேண்டிய கட்டாயம் பேஸ் கலைஞர்களுக்கு ஏற்பட்டது. மியூசிக் மேன் நிறுவனத்தின் ஸ்டிங்ரே 5 கருவி 1987-இல் வந்தது இந்தச் சூழலில்தான். உங்கள் குழுவில் கீபோர்டு வாசிப்பவரின் இடது கை தாழ்ந்த டி-யை அழுத்தும்போது உங்களிடம் அந்தச் சுரம் இல்லை என்று நீங்கள் உணர்வதும் இதே நிலைதான்.

இடது கையின் வசதியை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். டி சுருதிப் பாடல்களில் ஜி, எஃப் ஷார்ப், ஈ, டி என்று பேஸ் படியிறங்கும் இடம் அடிக்கடி வரும். நான்கு தந்தியில் மூன்றாம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி), இரண்டாம் ஃப்ரெட், திறந்த தந்தி என்று மூன்று படிகள் ஒழுங்காக இறங்கிவிட்டு, நான்காவது படிக்கு வரும்போது தரை இல்லாமல் ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேலே தாவ வேண்டியிருக்கிறது. சொற்றொடரின் முடிவு விழ வேண்டிய இடத்தில் இசை எழும்பிவிடுகிறது. சபையார் அதைப் பெயர் சொல்லிச் சுட்ட மாட்டார்கள், ஆனால் பாட்டு அமரவில்லை என்பதை உணர்வார்கள். ஐந்து தந்தியில் அந்த டி, பி தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் கைக்கு அருகிலேயே இருக்கிறது. மேலும், ஐந்தாம் ஃப்ரெட்டிலிருந்து ஒன்பதாம் ஃப்ரெட்டுக்குள் கையை வைத்துக்கொண்டே தாழ்ந்த ஈ முதல் இரண்டு ஆக்டேவ் முழுவதையும் வாசித்துவிடலாம். பாடகர் ஆராதனை நடுவில் அரைச் சுருதி ஏற்றினாலும் இறக்கினாலும் திறந்த தந்திகளை நம்பாமல் அதே விரலமைப்பை ஒரு ஃப்ரெட் நகர்த்தினால் போதும். நான் ஐந்து தந்தியைப் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம் இதுவே.

இனி ஆழத்தைப் பற்றி. சிறிய, நடுத்தர ஆலயங்களில் சுவரோரம் நிறுத்தப்படும் பன்னிரண்டு அங்குல ஒலிபெருக்கிப் பெட்டிகள் பெரும்பாலும் 50, 60 அதிர்வுகளுக்குக் கீழே வேகமாக வலுவிழந்துவிடும். அப்படியானால் 31 அதிர்வு கொண்ட பி எப்படிக் கேட்கிறது? ஒரு தந்தி அதிரும்போது அடிப்படை அதிர்வோடு 62, 93, 124 என்ற மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கின்றன. அடிப்படை வராவிட்டாலும் இந்த மடங்குகளைக் கொண்டு நம் செவி அடிச்சுரத்தைத் தானே கட்டிக்கொள்கிறது. ஆகவே பி தந்தியில் மேல் மடங்குகள் தெளிவாக இருப்பதுதான் முக்கியம். அதை மறந்து, கேட்கவில்லையே என்று ஆம்ப்பில் பேஸ் குமிழை முழுதும் திருப்பினால், துளையுள்ள பெட்டிகளில் அந்தத் துளையின் சுருதிக்குக் கீழே கூம்பு கட்டுப்பாடின்றி அலையும். ஒலி கூடாது, ஒலிபெருக்கிதான் கெடும். தாழ்ந்த சுரம் மங்கலாக இருந்தால், பேஸைச் சற்றுக் குறைத்து, 200 முதல் 800 வரையுள்ள நடுப்பகுதியைச் சிறிது உயர்த்திப் பாருங்கள்.

ஆலயத்து மிக்சரை இந்த ஞாயிறே பார்த்துவிடுங்கள். பல சிறிய மிக்சர்களில் ஒவ்வொரு சேனலிலும் 80 அல்லது 100 அதிர்வுகளுக்குக் கீழுள்ளதை வெட்டும் லோ கட் பொத்தான் இருக்கும். ஜெபம் செய்பவரின் மைக்குக்காக அழுத்தப்பட்ட பொத்தான் பேஸ் சேனலிலும் அப்படியே அழுத்தப்பட்டிருப்பதை நான் பல ஆலயங்களில் கண்டிருக்கிறேன். அந்த நிலையில் உங்கள் இப்போதைய ஈ தந்தியே முழுமையாக வெளியே வருவதில்லை. பி தந்தி வாங்கி என்ன பயன்? அடுத்து, கிட்டார் வயரை நேரே மிக்சருக்கு இழுக்காமல் ஒரு டி.ஐ. பாக்ஸ் வழியாக அனுப்புங்கள். அது கருவியின் சிக்னலை நீண்ட மைக் கேபிளுக்கு ஏற்றதாக மாற்றித் தரும். மேடைக்கும் மிக்சருக்கும் வெவ்வேறு இணைப்புகளிலிருந்து மின்சாரம் வரும் இடங்களில் எழும் இரைச்சலை, அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் பெரும்பாலும் அடக்கிவிடும். இரைச்சல் போகவேண்டும் என்பதற்காக பிளக்கின் எர்த் முனையை ஒருபோதும் வெட்டாதீர்கள். தந்தியில் கையும் மைக்கில் உதடுமாக நிற்பவர் நீங்கள். அந்த முனைதான் உங்கள் உயிருக்குக் காவல்.

எனவே இப்போதைக்குப் பெரிய ஆம்ப் வேண்டாம். வாட் எண்ணிக்கையை இரட்டித்தால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே கூடும். 20 வாட்டிலிருந்து 40 வாட்டுக்குப் போவது பணத்தைக் கரைப்பதே தவிர வேறில்லை. டிரம்ஸோடு மேடையில் ஆம்ப்பை மட்டும் நம்பி வாசிப்பதானால் 200 வாட்டுக்கு மேல் வேண்டும், அது உங்கள் தொகையில் அடங்காது. ஆலயத்திலும் மண்டபத்திலும் டி.ஐ. பாக்ஸ், வீட்டில் இருக்கும் அதே ஆம்ப் என்று வைத்துக்கொண்டு, ஏறத்தாழ 30,000 ரூபாயைக் கருவிக்கும், எஞ்சியதை டி.ஐ. பாக்ஸ், நல்ல வயர், கூடுதலாக ஒரு செட் தந்தி, கருவியைச் சீர்செய்யும் கூலி ஆகியவற்றுக்கும் ஒதுக்குங்கள்.

வாங்கும் முன் ஒரு மாதச் சோதனை செய்து பார்க்கலாம். டி-க்குக் கீழே போக வேண்டிய பாடல்கள் உங்கள் பட்டியலில் இல்லை என்றால், ஈ தந்தியை டி-க்கு இறக்கிக் கட்டுவதே செலவற்ற வழி. அந்தத் தந்தியில் மட்டும் எல்லாச் சுரங்களும் இரண்டு ஃப்ரெட் தள்ளிப்போகும். சி வரை இறங்க வேண்டுமென்றால், ஐந்து தந்தி செட் ஒன்றை வாங்கி, ஜி தந்தியை விட்டுவிட்டு பி, ஈ, ஏ, டி என்று உங்கள் நான்கு தந்திக் கருவியிலேயே கட்டிப் பாருங்கள். கழுத்தின் முனையில் தந்திகளைத் தாங்கும் நட் என்ற பட்டையில் ஈ தந்திக்காக வெட்டப்பட்ட பள்ளத்தில் அங்குலத்தில் 0.105 கனமுள்ள தந்தி அமரும். பி தந்தியின் கனமோ 0.130. ஆகவே பள்ளத்தை அரத்தால் சற்று விரிக்க வேண்டும். பழையபடி கட்டும்போது நட்டை மாற்ற நேரலாம். பாடகர் குழுவில் ஜி தந்தியின் மேற்பகுதியை அரிதாகவே தொடுபவர்களுக்கு இந்த நான்கே போதும் என்று தோன்றிவிடுவதும் உண்டு. அப்படித் தோன்றினால் 30,000 ரூபாய் மிச்சம்.

கடைக்குப் போகும்போது, நாகர்கோவிலானாலும் திருவனந்தபுரமானாலும், பி தந்தியை நம்பகமாகச் சோதிக்கும் வழி ஒன்று உண்டு. பி தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டையும் திறந்த ஈ தந்தியையும் மாறி மாறி ஒரே வலுவில் மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரம். ஒலியளவும் தெளிவும் நீடிப்பும் இரண்டிலும் நெருங்கி இருந்தால் கருவி நல்லது. பி தந்தியில் மட்டும் மத்தளத்தில் தட்டியதுபோல் மொத்தென்று விழுந்து மறைந்தால், அவசரப்பட்டு ஒதுக்காமல் முதலில் தந்தி பழசா, பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பகுதி) அந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நான் முதன்முதலில் வாங்கிய ஐந்து தந்திக் கருவியை ஓராண்டு முழுவதும் மட்டமானது என்றே நம்பியிருந்தேன். புதுத் தந்தியும் பிக்கப் திருகில் இரண்டு சுற்றும் கொடுத்த பிறகுதான் அதன் உண்மையான குரலைக் கேட்டேன். அவற்றுக்குப் பின்னும் மந்தமாகவே இருந்தால் அந்தக் கருவியை விட்டுவிடுங்கள்.

தந்தியின் நீளம் பெரும்பாலான கருவிகளில் 34 அங்குலம். 35 அங்குலக் கருவியில் அதே தந்தி அதே சுருதிக்கு ஏறத்தாழ 6 விழுக்காடு கூடுதல் இறுக்கத்தோடு நிற்கும். பி தந்தி தெளியும், ஆனால் முதல் ஃப்ரெட் இன்னும் எட்டப் போகும். நன்றாகச் செய்யப்பட்ட 34 அங்குலக் கருவியே உங்களுக்குப் போதும். தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜில் அவற்றுக்கு இடையிலான தொலைவு, நான்கு தந்தியில் 19 மில்லிமீட்டர் அளவில் பழகிய விரல்களுக்கு முக்கியம். ஐபனேஸின் ஜி.எஸ்.ஆர். 205 போன்றவற்றில் அது நெருக்கமாகவும், யமஹா டி.ஆர்.பி.எக்ஸ். 305-இல் சற்று விரிவாகவும் இருக்கும். எது வசதி என்பதை உங்கள் விரல்தான் சொல்ல வேண்டும். வாரைத் தோளில் மாட்டி, இரு கைகளையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். கழுத்து தரையை நோக்கிச் சாய்ந்தால், இரண்டு மணிநேர ஆராதனையில் உங்கள் இடது தோள் அந்தப் பாரத்தைச் சுமக்கும்.

பழைய கருவி கிடைத்தால் தயங்க வேண்டாம், ஆனால் நம் பகுதியின் காற்றை மனத்தில் வையுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கடலும் அருகில். ஈரத்தில் கழுத்து மரம் அசைவதால், ஏப்ரலில் சரியாக இருந்த தந்தி உயரம் ஜூலையில் மாறியிருக்கும். கழுத்தின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் ஓடும் டிரஸ் ராடு என்ற கம்பியைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருப்பாமல், மறுநாள் பார்த்துத் தொடர்வது பாதுகாப்பானது. பழைய கருவியில் அந்த ராடு இரு பக்கமும் திரும்புகிறதா, பிரிட்ஜின் சிறு திருகுகள் உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிவிட்டனவா என்று கட்டாயம் சோதியுங்கள். திருகு அசையவில்லை என்றால் உயரத்தையும் சுரச்சுத்தத்தையும் சரிசெய்யவே முடியாது. பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் வகைக் கருவியில், வயர் செருகியிருக்கும் வரை உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் கழற்றிவிடுங்கள்.

கை குழம்பும் என்பது உண்மைதான், ஆனால் சில வாரங்களுக்கு மட்டும். இத்தனை ஆண்டுகள் மேலேயிருக்கும் தடித்த தந்தி என்றாலே ஈ என்று பழகிய கை, இப்போது அதே இடத்தில் பி-யைச் சந்திக்கும். இதற்கு நல்ல மருந்து, மனப்பாடமாகத் தெரிந்த பழைய பாடல்களையே திறந்த ஈ-யைத் தொடாமல், பி தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டிலிருந்து வாசிப்பது. வலது கைக்கு வேறொரு பாடம் உண்டு. நீங்கள் ஈ-யையும் பி-யையும் மற்ற தந்திகளில் வாசிக்கும்போது ஐந்தாவது தந்தி தொடாமலேயே கூடவே முனகும். ஒலிபெருக்கியில் அது தெளிவற்ற உறுமலாகச் சேரும். கட்டைவிரலைப் பிக்கப்பின் மேல் ஊன்றி வைக்காமல், பி தந்தியின் மேல் சாய்த்து, விரல்கள் கீழ்த் தந்திகளுக்கு நகரும்போது கட்டைவிரலும் ஈ தந்திக்கு நகர்ந்து இரண்டையும் அணைத்து நிற்கும்படி பழகுங்கள். மெதுவான பாடல் ஒன்றோடு தினமும் 15 நிமிடம் போதும். இந்த அணைப்பு கைவராமல் புதுக் கருவியை ஆராதனைக்கு எடுத்துச் செல்ல வேண்டாம்.

பழைய நான்கு தந்தியை விற்றுப் பணத்தைச் சேர்க்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். அதிலிருந்து பெரிய தொகை கிடைக்காது. புதுக் கருவி பழகும் வரை ஞாயிறுகளில் நீங்கள் நம்பி நிற்கப்போவது அதன்மேல்தான். பி தந்தியின் மூன்றாம் ஃப்ரெட் டி கண்ணால் பார்க்காமலேயே விரலுக்கு அகப்படும் நாளுக்குப் பிறகு அதை விற்பதைப் பற்றி யோசிக்கலாம்.